புதுச்சேரியில் நீரும் எருவும் வீண்போகாமற் காக்கும் முறைகள்

நிலத்திலிருந்து எடுத்ததில் ஒரு பங்கையாவது நிலத்திற்கே திருப்பிக் கொடுக்காவிட்டால், எவ்வளவு வளமான பூமியும் நாளடைவில் க்ஷீணித்துப்போகும் என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்த விஷயம். இவ்விதி பயிருக்கு மாத்திரம் உரியதன்று. ஊரார் குடிக்கும் ஜலத்திற்கும் அது அப்படியே பொருந்தும். புதுச்சேரி நகரத்திலும், அதைச் சுற்றியுள்ள வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் ஆகிய கொம்யூன்களிலும், குடிநீரும் பாசன நீரும் பெரும்பாலும் பூமிக்கடியிலிருந்தே எடுக்கப்படுகின்றன. நகரவாசியின் குழாயும் மிராசுதாரரின் ஆழ்துளைக் கிணறும் ஒரே களஞ்சியத்திலிருந்துதான் அளக்கின்றன. அக்களஞ்சியத்தில் போடுவோர் குறைந்து, எடுப்போர் பெருகிவிட்டனர். இக்குறையை நீக்குவதற்கு ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் அன்றாடம் செய்யக்கூடிய சில காரியங்கள் இங்கே விவரிக்கப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

பூமிக்கடியிலுள்ள ஜலத்தின் நிலைமை

நகரத்தின் நடுவே பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரைப்பாளையத்து ஊற்று நீர் நகரத்திற்குக் கொண்டுவரப்பட்டதன் ஞாபகமாக எழுப்பப்பட்டதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கே துளையிடப்பட்ட ஆர்ட்டீசியன் கிணறுகள் சிலவற்றில், இறைப்பாரின்றியே ஜலம் பூமிக்கு மேலே பொங்கி வழிந்தது. பூமிக்கடியிலுள்ள மணற்படைகளில் அக்காலத்தில் நீரின் அழுத்தம் அவ்வளவு அதிகமாயிருந்தது. இன்று அதே மணற்படைகளிலிருந்து நீர் எடுக்க ஆழத்தில் மோட்டார் இறக்கவேண்டியிருக்கிறது.

கோரிமேடு, காலாப்பட்டு முதலிய செம்மண் மேடுகளின் அடியிலுள்ள மணற்பாறையைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் கடலூர் மணற்கல் என்பர். மேடுகளில் பெய்யும் மழையில் ஒரு பங்கு இம்மணற்கல்லினூடே இறங்கிக் கடற்பக்கமாகச் சரிந்து செல்கிறது. ஊசுடு ஏரி, பாகூர் ஏரி முதலிய நீர்நிலைகளிலிருந்தும், சங்கராபரணி, தென்பெண்ணை ஆறுகளின் மணலிலிருந்தும் கசிந்து இறங்கும் நீரும் பூமிக்கடியிலுள்ள சேமிப்பை வளர்க்கிறது. மழைக்காலத்தில் இறங்குவதற்கு மேல் கோடையில் இறைத்தால், சேமிப்பின் மட்டம் தாழ்ந்தே தீரும்.

உள்நாட்டு ஊர்களில் மட்டம் தாழ்ந்தால் கிணறு வற்றும். நல்ல மழை பெய்தால் மறுபடியும் ஊறும். கடற்கரை ஊர்களிலோ வேறொரு ஆபத்து உண்டு. நல்ல நீர் இலேசானது. கடல் நீர் கனமானது. ஆகையால் கரையோரத்தில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரையில் உப்பு நீர் அண்டாது என்பது சாஸ்திரீயமான கணக்கு. இதனையே மறுபுறமாகப் பார்த்தால், மேல் மட்டம் ஓரடி தாழ்வதால் கீழிருந்து உப்பு நீர் 40 அடி வரையில் ஏறி வருவதற்கு இடம் உண்டாகிறது. புதுச்சேரிக் கரையோரத்துக் கிணறுகளிற் சில ஏற்கனவே உவர்ப்பாகிவிட்டன. ஒருமுறை உப்பேறிய மணற்படையைக் கழுவி நல்ல நீராக்க ஒரு தலைமுறைக் காலமும் போதாதிருக்கலாம். இது நெற்பயிருக்கும் தென்னைக்கும் நேரும் நஷ்டம். குழந்தைகள் குடிக்கும் ஜலத்திற்கு நேரும் நஷ்டமும் ஆகும்.

கூரையில் விழும் மழை

புதுச்சேரியில் வருஷத்திற்குச் சராசரி 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. இதிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. சில சமயங்களில் வருஷத்து மழையில் பெரும்பங்கு ஒரே நாளில் கொட்டிவிடுவதும் உண்டு. 2024-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, நகரத்தில் ஒரு நாளைக்குள் 45 செண்டிமீட்டருக்கு அதிகமாக மழை பெய்து தெருக்கள் வெள்ளக்காடாயின. அந்நீரில் பெரும்பாலும் பெரிய வாய்க்கால் முதலிய வடிகால்களின் வழியாகக் கடலில் விழுந்து வீணாயிற்று.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் ஜலம் கிடைக்கும். 100 சதுர மீட்டர் பரப்புள்ள மாடியில் 1,200 மில்லிமீட்டர் மழைக்கு 1,20,000 லிட்டர் விழும். சிதறுவதும் ஆவியாவதும் ஐந்தில் ஒரு பங்கு என்று தள்ளினாலும் 96,000 லிட்டர் மிஞ்சும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வீதம் ஐந்து பேருள்ள குடும்பத்திற்கு இது ஏறக்குறைய 140 நாட்களின் தேவையாகும். முற்காலத்துத் தமிழ் வீடுகளில் நாற்புறக் கூரையின் நீரும் முற்றத்தில் விழுந்தது. அங்கே அண்டாக்களை வைத்துப் பிடித்துக்கொள்வது பெண்மக்களின் வழக்கம். முற்றம் மறைந்து மாடி வந்த பிறகு அவ்வழக்கமும் மறைந்தது.

மாடியிலிருந்து இறங்கும் குழாயை ஒரு தொட்டிக்கோ ஊறல் குழிக்கோ திருப்பிவிட்டால் போதும். ஊறல் குழி மூன்றடிச் சதுரமும் ஆறு முதல் பத்தடி ஆழமும் உள்ளதாக இருக்கலாம். அடியில் பெரிய செங்கற் துண்டுகள், அதன்மேல் சரளைக்கல், அதற்கும் மேல் ஓரடி ஆற்றுமணல் என்று நிரப்பவேண்டும். பருவத்தின் முதல் மழை கூரையிலுள்ள தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துவருமாதலால், அதனை வெளியே விட்டுவிட வேண்டும். மலக்குழியிலிருந்து 30 அடிக்குக் குறையாத தூரத்தில் குழியை அமைக்கவேண்டும். கொல்லையில் உபயோகமற்ற உறைக்கிணறு இருந்தால், அதனைத் தூர்த்துவிடாமல், மணலில் வடிகட்டிய மழைநீரை அதில் இறக்குவது சிலாக்கியம். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் இருந்தும் குழாயில் குப்பை அடைத்திருந்தால் பயனில்லை. வருஷந்தோறும் மணலை எடுத்துக் கழுவிப் போடவேண்டும்.

குளித்த நீரும் கழுவிய நீரும்

குளித்த நீர், அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் ஆகியவை சாக்கடைக்குப் போகவேண்டியவையல்ல. கொல்லையில் இரண்டு வாழையும் ஒரு சேம்புப் பாத்தியும் இருந்தால், ஒரு குடும்பத்தின் குளியல் நீரில் பெரும்பங்கை அவை ஏற்றுக்கொள்ளும். கல்வாழையும் இதற்கு ஏற்றது. ஆயினும் மூன்று விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும். நீர் ஓரிடத்தில் தேங்கினால் கொசு உற்பத்தியாகும். ஆகையால் அன்றன்று மண்ணில் இறங்கிவிடும்படி பாத்தியைக் கொத்திவிட வேண்டும். துணி வெளுத்த சோப்பு நீரில் சோடியம் உப்பு அதிகம். களிமண் பூமியில் அதனை இடைவிடாமல் பாய்ச்சினால் மண் இறுகிவிடும். பச்சையாகத் தின்னும் கீரைகளுக்கு எந்தக் கழிவு நீரையும் விடலாகாது.

சமையற் கழிவை எருவாக்குதல்

வீட்டிலிருந்து வெளியேறும் இரண்டாவது செல்வம் சமையற் கழிவு. காய்கறித் தோல், வாழையிலை, பழத்தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ ஆகியவை யாவும் வயலிலிருந்து வந்தவை. இவை பிளாஸ்டிக்குடனும் கண்ணாடியுடனும் கலந்து குருமாம்பேட்டுக் குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேரும்போது, எருவாக வேண்டிய பொருள் துர்நாற்றத்திற்கும் நோய்க்கும் காரணமாகிறது. நகரக் குப்பையில் செய்த கம்போஸ்டு எருவை வாங்கக் குடியானவர்கள் தயங்குவதற்கும் இக்கலப்பே காரணம். கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் கிழிசலும் உள்ள எருவை நாற்றங்காலில் எவர்தாம் போடுவர்?

குப்பையை எருவாக்கும் வித்தை இந்நாட்டிற்குப் புதியதன்று. ஆல்பர்ட் ஹோவர்டு என்பவர் இந்தூரில் பல வருஷங்கள் பரீக்ஷை செய்து, பண்ணைக் கழிவைக் கம்போஸ்டாக்கும் முறையை 1931-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நகரக் குப்பைக்கு ஏற்றதும், அடிக்கடி புரட்ட வேண்டாததுமான பெங்களூர் முறையை டாக்டர் ஆசார்யா 1939-ஆம் ஆண்டில் வகுத்தார். இவற்றின் தத்துவம் ஒன்றே: ஈரமான பசுங்கழிவும் உலர்ந்த சருகும் கலந்து, அளவான ஈரமும் காற்றும் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றை எருவாக்கிவிடும்.

வீட்டில் செய்யும் வகை வருமாறு. பக்கங்களில் துளையிட்ட இரண்டு பெரிய மண்பானைகளை எடுத்துக்கொள்ளவேண்டும். அடியில் நாலு விரற்கடை அளவு உலர்ந்த சருகைப் பரப்பி, அன்றன்றைய சமையற் கழிவைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, அதே அளவு சருகோ தேங்காய் நார்த் தூளோ மேலே தூவவேண்டும். தொடக்கத்தில் ஒரு கைப்பிடிச் சாணத்தை நீரிற் கரைத்துத் தெளித்தால் வேலை விரைவில் நடக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் ஈரமே சரியானது. நாற்றம் வீசினால் ஈரம் அதிகம் என்று அறிந்து சருகு சேர்த்துக் கிளறவேண்டும். மக்காமல் கிடந்தால் ஈரம் குறைவு என்று அறிந்து நீர் தெளிக்கவேண்டும். ஒரு பானை நிரம்பியதும் மற்றொன்றைத் தொடங்கலாம். இரண்டு மூன்று மாதங்களில் முதற்பானையில் கறுத்த, மண்வாசனையுள்ள எரு ஆயத்தமாகும். மீன் கழிவையும் மாமிசக் கழிவையும் பானையில் போடாமல், தென்னையின் தூரிலிருந்து சற்று விலகி இரண்டடி ஆழத்தில் புதைப்பது நலம்.

நாளொன்றுக்கு ஒரு கிலோ கழிவு சேரும் வீட்டில், வருஷத்திற்கு ஏறக்குறைய 100 கிலோ எரு கிடைக்கும். கொல்லைக் காய்கறிக்கு இது தாராளமாகப் போதும். தோட்டமில்லாத வீட்டார் பிரித்த கழிவையாவது தனியே கொடுக்கலாம். ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயகரமான பொருள் என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதை மத்திய அரசு 2016-ஆம் ஆண்டு விதிகளால் கட்டாயமாக்கிற்று. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களிற் பல 2022-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேசமெங்கும் தடைசெய்யப்பட்டன. சந்தைக்குத் துணிப்பையும், மீன் வாங்கப் பாத்திரமும் கொண்டுபோகும் பழைய வழக்கத்தை மீட்டுக்கொண்டால், குப்பையைப் பிரிக்கும் வேலையே பாதியாகக் குறைந்துவிடும்.

நிலச்சுவான்தார்கள் செய்யத்தக்கவை

நகரவாசிகள் சேமிக்கும் நீரைக்காட்டிலும் வயலில் மிச்சப்படும் நீர் பன்மடங்கு அதிகம். நெல் வயலில் எந்நேரமும் நீர் நிறுத்தவேண்டும் என்பது அவசியமன்று. ஓரடி நீளமுள்ள குழாய் ஒன்றின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, அத்துளைப் பாகம் மண்ணுக்குள் இருக்கும்படி புதைத்து, உள்ளேயுள்ள மண்ணை எடுத்துவிட்டால், வயலின் உள்மட்ட நீர் கண்ணுக்குத் தெரியும். நீர் தரைக்குக் கீழ் 15 செண்டிமீட்டர் இறங்கிய பிறகு, 5 செண்டிமீட்டர் உயரத்திற்குப் பாய்ச்சினால் போதுமானது. நட்டபின் முதல் இரண்டு வாரங்களிலும் கதிர் பூக்கும் தருணத்திலும் மாத்திரம் நீர் குறையாமற் பார்த்துக்கொள்ளவேண்டும். இம்முறையால் மகசூல் குறைவதில்லை. இறைக்கும் செலவு குறையும். கோடையில் மூன்றாம் போகம் நெல்லுக்குப் பதிலாக உளுந்து, எள், மணிலாக்கொட்டை முதலியவற்றைப் பயிரிட்டால், கடற்கரையை அடுத்த கிணறுகளுக்கு மிகுந்த ஆறுதல் கிடைக்கும்.

ஏரிகளின் பராமரிப்பு இதனினும் முக்கியம். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவருகிறது. புதுச்சேரிப் பிராந்தியத்தின் ஏரிகளைச் சீர்திருத்த 1999-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய யூனியனின் உதவியோடு ஒரு திட்டம் நடைபெற்றது. ஆயக்கட்டுதாரர்கள் சங்கங்களாகச் சேர்ந்து கரை, மதகு, வாய்க்கால் வேலைகளில் ஈடுபட்டனர். திட்டங்கள் முடிந்துவிடும், வண்டல் படிவது மட்டும் முடிவதில்லை. உத்தரவு பெற்று வண்டலை எடுத்து மேட்டு நிலத்திற்கு அடிப்பதால், ஏரியின் கொள்ளளவும் வயலின் சாரமும் ஒருங்கே பெருகும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஏரிக்கரையிலும் வரத்து வாய்க்காலிலும் குப்பை கொட்டுவதை ஆரம்பத்திலேயே தடுக்கவேண்டும். முதல் வண்டி கொட்டிய இடத்தில் பத்தாவது வண்டி கேளாமலே வந்து நிற்கும். இரண்டாவது, வாய்க்கால் ஆக்கிரமிப்புகளைப் பருவமழைக்கு முன் அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். மூன்றாவது, பள்ளிக்கூடம், கொம்யூன் பஞ்சாயத்துக் கட்டிடம் முதலிய பொது இடங்களில் ஊறல் குழியையும் எருக்குழியையும் முதலில் அமைத்துக் காட்டவேண்டும். ஜனங்கள் கேட்பதைக்காட்டிலும் கண்டதையே விரைவில் பின்பற்றுவர். எருத் தயாரிப்பு, பயிர்த்திட்டம் முதலியவை பற்றிய ஆலோசனைகளைக் குருமாம்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

இவ்வேலைகளுக்கு ஏற்ற காலம் ஆவணியும் புரட்டாசியுமாகும். ஆவணியில் ஊறல் குழியின் மணலைக் கழுவிப் போட்டு, வாய்க்கால்களைத் தூர் எடுக்கவேண்டும். புரட்டாசியில் மாடியைப் பெருக்கி, குழாய்களின் அடைப்பை நீக்கவேண்டும். அப்போது ஐப்பசியில் விழும் முதல் பெருமழை தெருவைத் தேடாமல் பூமியைத் தேடிச் செல்லும். நூறு வீடுகளும் ஓர் ஏரியும் இவ்வாறு ஆயத்தமாயிருக்கும் கிராமத்தில், அடுத்த சித்திரையில் கிணற்று மட்டத்தை அளந்து பார்த்தால் அதன் பலன் தானே விளங்கும்.