கொச்சினைக் கொச்சியாக்கல்

மட்டாஞ்சேரியின் வணிக வரலாற்றை நம் மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கணிப்பொறியில் ஏற்றியிருக்கிறார் என்று கொள்வோம். பழைய நூல்களைத் துணைக்கொண்டமையால், ஊர்ப்பெயர் நாற்பது இடங்களில் ‘கொச்சின்’ என்றே விழுந்துவிட்டது. 1996-இல் அப்பெயர் ‘கொச்சி’ என மாறிவிட்டதால் திருத்தியாக வேண்டும். ஆயின் எல்லா இடத்திலும் திருத்தலாகாது. கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர் இன்றும் பழையபடியே உள்ளது. கொச்சின் ஷிப்யார்டும் அவ்வாறே. பழைய ஆவணத்திலிருந்து எடுத்த மேற்கோளிலோ கை வைக்கவே கூடாது. தென் வியட்நாம் பகுதிக்கு ஐரோப்பியர் இட்ட பழம்பெயர் ‘கொச்சின்சைனா’ என்பதையும் நினைவிற் கொள்க. ஒரே ஆணையில் அனைத்தையும் மாற்றினால், உலகில் இல்லாத ஒரு பல்கலைக்கழகம் நம் கட்டுரையில் பிறந்துவிடும்!

இங்கே ‘விம்’ என்னும் எடிட்டர் கைகொடுக்கிறது. இதில் விசைகள் எப்போதும் எழுத்தைப் பதிப்பன அல்ல; சாதாரண நிலையில் அவை ஆணைகள். சாய்கோட்டைத் தட்டிப் பழைய பெயரை எழுதி எண்டர் கொடுத்தால், சுட்டி அச்சொல்லின் முதலெழுத்தில் போய் நிற்கும். அது திருத்தத்தக்க இடமாயின் ‘சி’, ‘டபிள்யூ’ என்னும் இரு சிறிய எழுத்துகளைத் தட்டிப் புதுப்பெயரை எழுதி எஸ்கேப் விசையை அழுத்துக. இவ்வளவும் ஒருமுறைதான். பிறகு ‘என்’ விசை அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லும். முற்றுப்புள்ளி விசை அதே திருத்தத்தை மீண்டும் செய்யும். பல்கலைக்கழகம் எதிர்ப்பட்டால் புள்ளியைத் தொடாமல் மறுபடி ‘என்’. தவறி மாற்றிவிட்டால் ‘யு’ விசை மீட்டுத் தரும். புள்ளி தன் பாடத்தை அதனால் மறப்பதில்லை.

புள்ளி நினைவில் வைப்பது கடைசியாகச் செய்த மாற்றம் ஒன்றையே. இடையில் வேறொரு பிழையைக் களைந்தால், அதன்பின் புள்ளி அந்தக் களைதலையே செய்யும். எனவே புதுப்பெயரை மீண்டும் ஒருமுறை எழுதிக் கொடுத்தல் வேண்டும். எழுதும்போதே அம்புக்குறி விசையால் நகர்ந்தாலும் மாற்றம் இரண்டாக அறுந்து, பின்பாதி மட்டுமே நினைவில் நிற்கும்.

இச்சிக்கனம் புதிதன்று. 1976-இல் பெர்க்கிலியில் பில் ஜாய் ‘வி.ஐ.’ எடிட்டரை எழுதத் தொடங்கிய காலத்தில் தொலைபேசி இணைப்புகள் மிக மெதுவானவை. தட்டும் ஒவ்வொரு விசையும் நேரத்தைத் தின்றது. பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட ‘விம்’ அம்மரபை வளர்த்தது.

ஒவ்வோர் இடத்திலும் எடிட்டரே நம்மைக் கேட்டு மாற்றும் ஆணையும் உண்டு. ‘ஒய்’ என்றால் மாற்றும், ‘என்’ என்றால் விடும். விரைவில் அது மேல். ஆனால் கேள்விக்கு விடை சொல்லும் வரை பக்கத்தில் நினைத்தபடி உலவ முடியாது. மேற்கோள் எங்கே தொடங்கியது என்று மேலே சென்று பார்க்க வேண்டிய கட்டுரைக்குப் புள்ளியே ஏற்றது என்பேன்.

கட்டுரையின் அடியை எட்டியதும் தேடல் தானே தலைப்பக்கம் திரும்பும். அப்போது ‘என்’ விசைக்கு அகப்படுபவை நாம் வேண்டுமென்றே விட்டவை மட்டுமே. அவற்றை இன்னொருமுறை பார்த்துக்கொண்டு கோப்பைச் சேமிக்கலாம்.