சோலார் போடுமுன் கூரையைப் பாருங்கள்
(கடைக்காரர்களுக்கு ஒரு பாதுகாப்புப் பாடம்)



ஃப்ரீசர், கூலர், மாவு அரைக்கும் இயந்திரம், பில் போடும் கம்ப்யூட்டர் என்று கடையில் மின்சாரம் தின்னும் பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. மின் கட்டணத்தைக் கட்டும்போதெல்லாம், மாடியில் சோலார் போட்டுவிட்டால் என்ன என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் எழுகிறது. நல்ல எண்ணந்தான். முறையாகப் பொருத்தினால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கக்கூடிய முதலீடு அது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு லோடு துவரம்பருப்பு வந்து இறங்கினால் நாம் அப்படியே வாங்கி அடுக்கிவிடுவதில்லை. குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிறோம். எடை போடுகிறோம். மூட்டையின் தையலைப் பார்க்கிறோம். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து மாடிக்கு ஏற்றும் சோலாரை மட்டும், "அதெல்லாம் கம்பெனி ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுகிறோம்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் வீட்டுச் சோலார் மானியத் திட்டம் வீடுகளுக்கு உரியது. கடைகளுக்கு அந்த மானியம் இல்லை. முழுப் பணமும் நம் கையிலிருந்து போவதால், குறைந்த கொட்டேஷனைத் தேடுவது இயற்கை. அந்தக் குறைந்த விலை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பாடம். பெரும்பாலும் பேனலில் யாரும் பெரிதாகக் குறைக்க முடியாது. தாங்கும் சட்டம், வயர், கனெக்டர், எர்த், வேலை ஆட்களின் பாதுகாப்பு ஆகியவற்றில்தான் குறைப்பார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

1. இதற்கு மெயின் சுவிட்ச் இல்லை

நம் கடையில் வயரிங் வேலை என்றால் மெயினை அணைத்துவிட்டுச் செய்கிறோம். சோலாரில் அது நடவாது. வெயில் படும் வரை பேனலில் மின்சாரம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். கீழே எந்த சுவிட்சை அணைத்தாலும், பேனலிலிருந்து சுவிட்ச் வரை வரும் வயரில் மின்சாரம் உண்டு.

இன்று விற்கும் 540 வாட் பேனல் ஒன்று, சுமை ஏற்றாத நிலையில் சுமார் 49 வோல்ட் தரும். 10 பேனலை வரிசையாக இணைத்தால் 490 வோல்ட். நம் கடைக்கு வரும் மின்சாரமோ 230 வோல்ட். மேலும் பேனல் தருவது டி.சி. என்னும் நேர் மின்சாரம். நம் வீட்டு ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வதால், அதில் ஏற்படும் தீப்பொறி எளிதில் அறுந்துவிடும். டி.சி.யில் அப்படி இல்லை. இணைப்பு தளர்ந்து பொறி பிடித்தால் அது வெல்டிங் போல நின்று எரியும்.

"ஃபியூஸ் போய்விடுமே" என்று கேட்கலாம். போகாது. நல்ல வெயிலில் அந்தப் பேனல் வேலை செய்யும்போது சுமார் 13 ஆம்பியர் ஓடும். இரு வயரும் ஒட்டி ஷார்ட் ஆனாலும் சுமார் 14 ஆம்பியர்தான். இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் ஃபியூஸ் உருகாது. ஆகவே சோலாரில் ஃபியூஸை நம்பி வேலை செய்ய முடியாது. வேலை சுத்தமாக இருப்பதே முதல் பாதுகாப்பு.

2. விழுந்தால் திரும்பி வராத உயிர்

கூரை வேலையில் முதல் ஆபத்து மின்சாரம் அல்ல, விழுவது. 540 வாட் பேனல் ஒன்று ஏறத்தாழ 28 கிலோ எடை; இரண்டேகால் மீட்டர் நீளம். அதைத் தூக்கிக்கொண்டு கைப்பிடிச்சுவர் இல்லாத மாடியின் ஓரத்தில் நடக்கும் பையனுக்கு, ஒரு வீச்சுக் காற்று போதும். பேனல் பாய்மரம் போல அவனை இழுத்துவிடும்.

கிடங்கின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. பார்க்கத் திடமாகத் தெரியும் ஷீட், வெயிலிலும் மழையிலும் கிடந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். மிதித்தவன் நேரே மூட்டைகளுக்கு நடுவே சிமெண்டுத் தரையில் விழுவான். வெளிச்சத்துக்காக இடையிடையே வைத்த பிளாஸ்டிக் ஷீட் அதைவிட மோசம். அழுக்குப் படிந்தால் எது ஷீட், எது பிளாஸ்டிக் என்றே தெரியாது. அத்தகைய கூரையில் நேராகக் கால் வைக்கக் கூடாது. கீழே தாங்கும் சட்டங்களின் மேல் அகலமான பலகை போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸில் துளை போடும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், கூடுமானவரை அந்தக் கூரையை இந்த வேலைக்குத் தவிர்ப்பதே நல்லது.

ஆட்களுக்கு இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். அதன் கயிறு உறுதியான இடத்தில் கட்டப்பட வேண்டும். தண்ணீர்க் குழாயிலோ பேனல் சட்டத்திலோ கட்டினால் அது பெயருக்குத்தான்.

3. பக்கத்தில் போகும் மின்கம்பி

கடைவீதிகளில் மின்வாரியக் கம்பி நம் மாடியை உரசிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். நான்கு மீட்டர் நீள அலுமினியச் சட்டத்தைத் தோளில் வைத்துத் திரும்பும் ஒருவருக்கு அந்தக் கம்பி பின்னால் இருப்பது தெரியாது. சாதாரண தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே போகும் கம்பியானால் 2.5 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. உயரழுத்தக் கம்பிக்கு 11 ஆயிரம் வோல்ட் வரை பக்கவாட்டில் அதே 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். பேனலின் உச்சியிலிருந்து அளந்து பாருங்கள். இடைவெளி இல்லையென்றால் முதலில் மின்வாரியத்துக்கு மனுக் கொடுத்துக் கம்பியை மாற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

4. காற்றின் கணக்கு

நாம் கணக்குப் பார்ப்பவர்கள். இந்தக் கணக்கையும் பார்ப்போம். காற்றின் வேகத்தை, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதையே அதனால் பெருக்கி, மீண்டும் 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும். 10 நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோ.

இந்தியத் தர அளவையின்படி கட்டட வடிவமைப்புக்குச் சென்னையில் எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 50 × 50 × 0.6 = 1,500 நியூட்டன். சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஒரு பேனலின் பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர மீட்டர். ஆக ஒரு பேனலில் 390 கிலோ. மதுரை, கோவைக்கு எடுத்துக்கொள்ளும் வேகம் 39 மீட்டர். அங்கும் ஒரு பேனலுக்கு 235 கிலோவுக்கு மேல் வருகிறது. சாய்வையும் இடத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். மாடியின் ஓரத்திலும் மூலையிலும் கூடும்.

பேனலின் எடை 28 கிலோ. தூக்கும் காற்று சில நூறு கிலோ. இப்போது, சட்டத்தின் கால்களில் ஆளுக்கொரு கான்கிரீட் கட்டையை வைத்து, "ஆடாது சார்" என்று சொல்பவரை என்ன கேட்க வேண்டும் என்பது விளங்கும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையையும், 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டா மாவட்டங்களையும் என்ன செய்தன என்பதை நாம் மறக்கவில்லை. மாடியிலிருந்து பறக்கும் பேனல் நம் நஷ்டத்தோடு நிற்காது. தெருவில் போகிறவர் தலையில் விழும். சட்டத்துக்கான காற்றுக் கணக்கைப் பொறியாளர் கையெழுத்துடன் எழுத்தில் வாங்குங்கள். மரக்கட்டையின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம் என்றால், தளத்தையும் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் எதையும் ஏற்றாதீர்கள். தளத்தில் போடும் துளைகளில் நீர்க்கசிவுத் தடுப்பும் அவசியம். இல்லையேல் ஐப்பசி மழையில் கீழே இருக்கும் சர்க்கரை மூட்டைதான் பதில் சொல்லும்.

5. தீ எங்கே பிறக்கிறது?

அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், தன் கடைகளின் கூரையில் சோலார் அமைத்துப் பராமரித்த டெஸ்லா நிறுவனத்தின் மீது 2019 ஆகஸ்டில் வழக்குத் தொடர்ந்தது. ஏழு கடைகளின் கூரையில் தீப்பிடித்தது, பொருத்தியதிலும் பராமரித்ததிலும் கவனக்குறைவு என்பது குற்றச்சாட்டு. சோலாரை நிறுத்தி வைத்த பின்னும் ஒரு கடையில் தீ எழுந்தது என்று மனுவில் கூறப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. யார் பக்கம் நியாயம் என்பது நமக்குத் தேவையில்லை. அவ்வளவு பெரிய கடைக்காரரே கூரையை மறக்க முடியாது என்பதே நமக்குப் பாடம்.

பெரும்பாலும் தீ தொடங்குவது கனெக்டரில். ஒரு கம்பெனியின் ஆண் முனையை வேறொரு கம்பெனியின் பெண் முனையில் செருகினால் பொருந்தியது போலத் தெரியும். உள்ளே சரியாகப் பிடிக்காமல் சூடேறும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருக்க வேண்டும். அதற்குரிய கருவியால் அழுத்த வேண்டும். சாதாரணக் குறடால் நசுக்கக் கூடாது.

அடுத்தது எலி. மளிகைக் கடையில் எலி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. டி.சி. வயர் முழுவதும் குழாய்க்குள் வர வேண்டும். குழாயின் வாய் அடைக்கப்பட வேண்டும். இன்வெர்ட்டரைக் கிடங்கில் சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின், சூடம், தீப்பெட்டி பண்டல் இவற்றின் மேலே மாட்டாதீர்கள். காற்றோட்டமுள்ள தனிச்சுவரில், சுற்றிலும் சரக்கு அடுக்காத இடத்தில் வையுங்கள். தீபாவளி சீசனில் இடம் போதவில்லை என்று அதன் கீழே அடுக்குவதுதான் நம் வழக்கம். அந்த வழக்கத்தை விட வேண்டும்.

6. ஜெனரேட்டர் வைத்திருப்போர் கவனத்துக்கு

கரண்ட் போனால் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியரின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. கரண்ட் போனாலும் சோலார் ஓட வேண்டும் என்று குறுக்கு வழி செய்பவரை அருகில் விடாதீர்கள். ஜெனரேட்டர், சோலார், மின்வாரிய லைன் மூன்றும் ஒன்றோடொன்று மோதாதபடி சரியான சேஞ்ச் ஓவர் ஏற்பாடு இருக்க வேண்டும். மின்வாரிய அனுமதியும் மீட்டர் வேலையும் முடியுமுன் லைனோடு இணைக்கக் கூடாது.

7. கல்லாப்பெட்டி அருகே ஒட்ட வேண்டிய பட்டியல்

ஆர்டர் கொடுக்குமுன்:
- தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் உள்ளவரா?
- வேலை ஆட்களுக்குக் காப்பீடு உண்டா? நகல் வாங்கினீர்களா?
- பேனல், கனெக்டர், வயர் இவற்றின் கம்பெனி பெயரும் வகையும் கொட்டேஷனில் எழுதப்பட்டதா?
- எர்த் எங்கெங்கே, இடிதாங்கி உண்டா, மின்னல் அதிர்வுத் தடுப்பு உண்டா என்று எழுதப்பட்டதா?
- நம் கடையின் தீ இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்தோமா?

வேலை நடக்கும் நாளில்:
- மழை, பலத்த காற்று, உச்சி வெயில் என்றால் வேலை நிறுத்தம்.
- பெல்ட் இல்லாமல் யாரும் மாடியில் இல்லை.
- கீழே தெருவில் கயிறு கட்டி வழி மறிக்கப்பட்டுள்ளது.
- நம் கடைப் பையன்களைப் பேனல் தூக்க மாடிக்கு அனுப்பவில்லை.

வேலை முடிந்த பின்:
- எர்த் சோதனை அளவு எழுத்தில் வாங்கப்பட்டது.
- அணைக்கும் வரிசை சுவரில் எழுதப்பட்டது: முதலில் ஏ.சி. சுவிட்ச், பிறகு டி.சி. சுவிட்ச். ஓடும்போது கனெக்டரை ஒருபோதும் பிடுங்கக் கூடாது.
- வாசலில் "மாடியில் சோலார் உள்ளது" என்ற பலகை மாட்டப்பட்டது.

கடைசிப் பலகை சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், டெலான்கோ என்ற ஊரில் ஒரு பெரிய உணவுப் பொருள் குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. கூரையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பேனல்கள் இருந்ததால், தீயணைப்பு வீரர்களால் வழக்கம் போலக் கூரையில் ஏறிப் புகைக்கு வழி திறக்க முடியவில்லை. தீ வந்தால் 101 அல்லது 112-ஐ அழைத்து, முதல் வார்த்தையிலேயே மாடியில் சோலார் இருக்கிறது என்று சொல்லுங்கள். நீங்களே தண்ணீர்க் குழாயோடு ஏறாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குத் தராசையும் கல்லாவையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அந்த வாரத்திலேயே உரிமம் பெற்ற ஆளை அழைத்து மாடியிலுள்ள நட்டு, வயர், கனெக்டர் அனைத்தையும் பார்க்கச் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். பேனலைக் கழுவுவது அதிகாலையில் இருக்கட்டும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடக்கூடும்.

இரண்டு கொட்டேஷனுக்கு இடையே உள்ள வித்தியாசம் சில ஆயிரங்களாக இருக்கலாம். அந்த வித்தியாசத்தில் ஒரு பையனின் பெல்ட் இருக்கிறதா, ஒரு நல்ல கனெக்டர் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். சரக்கில் கலப்படம் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு, வேலையில் கலப்படம் கண்டுபிடிப்பது முடியாத காரியம் அல்ல. வருமுன் காப்போம்.