கொதிக்கும் ட்ரான்ஸ்போமர்: திருத்துவதா, கட்டுவதா, மாற்றுவதா?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் பழைய வால்வ் றேடியோவையோ அம்ப்ளிபயரையோ திருத்தக் கொண்டுவருபவர்கள் முடிவையும் கையோடு கொண்டுவருவார்கள்: "ட்ரான்ஸ்போமர் கொதிக்குது, புதுசாக் கட்டவேணும்." அது செலவு கூடிய வழி. பல நேரம் தேவையில்லாத வழியும்கூட. ட்ரான்ஸ்போமர் தானாகக் கெட்டதா, பின்னால் வேறேதோ அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறதா என்று தெரிந்த பிறகே வழியைத் தெரிவு செய்ய வேண்டும்.

கையை நம்பலாமா?

60 பாகை சூட்டிலேயே கையை எடுத்துவிடுவோம். ஆனால் பழைய பேப்பர், பருத்தி, வார்னிஷ் காப்பு 105 பாகை வரை தாங்கும். ஆகவே மீற்றரை நம்புங்கள். காலையில் செட் ஆறியிருக்கும்போது பிளக்கைக் கழற்றி, பிரைமறிச் சுற்றின் தடையை அளந்து எழுதிவையுங்கள். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி உடனே மறுபடி அளவுங்கள். செம்பின் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். அறைச் சூடு 30 பாகையாக இருந்து, 40 ஓம் 46 ஆனால் உள்ளே சராசரியாக 70 பாகை, பயமில்லை. 50 ஓம் ஆனால் 96 பாகை. சுற்றின் நடுப்பகுதி அதைவிடச் சூடாக இருக்கும். அந்தச் செட்டை இனி ஓடவிடக் கூடாது. தார் உருகி வழிந்தாலோ கருகிய மணம் வந்தாலோ அளக்கவே வேண்டாம், நிறுத்துங்கள்.

கரண்ட் எங்கே போகிறது?

60 வாட் இழை பல்ப் ஒன்றை மெயின் வயரில் தொடராகப் போடுங்கள். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது. செட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி, பில்டர் கண்டென்சர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக வெறுமையாக்கிய பிறகே கை வையுங்கள். அதில் தேங்கி நிற்கும் 300 வோல்ட் ஆளைக் கொல்லும்.

முதலில் எல்லா வால்வ்களையும் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்தால் செக்கண்டரி வயர்களையும் பிரித்துப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் சுற்றுக்குள்ளேதான் ஷோர்ட்.

அடுத்து ரெக்டிபயர் தவிர்ந்த வால்வ்களைப் போடுங்கள். இப்போது ஹீட்டர் மட்டுமே கரண்ட் எடுக்கும். சூடேறினால் ஹீட்டர் வயரிங்கையும் டயல் பல்ப் சொக்கட்டையும் பாருங்கள்.

கடைசியாக ரெக்டிபயரைப் போட்டதும் சூடேறினால் குற்றம் உயர்வோல்ட் பக்கம். பில்டர் கண்டென்சர் கசியலாம். அல்லது அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர் கசியலாம். EL84 அவுட்புட் வால்வ் ஒன்றின் அனோட் 250 வோல்ட்டில் 48 மில்லி அம்பியர் எடுக்கும்போது, ஸ்கிரீன் கரண்டும் சேர்ந்து, அதன் கத்தோட்டில் உள்ள 135 ஓம் ரெசிஸ்டரில் 7.3 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். பல்பை எடுத்துவிட்டு அளக்கையில் 11 வோல்ட் காட்டினால் வால்வ் 80 மில்லி அம்பியருக்கு மேல் இழுக்கிறது. கப்ளிங் கண்டென்சரை மாற்றினால் சூடும் இறங்கும்.

எந்த வழி யாருக்கு?

*டப் மாற்றுவது.* செலவேயில்லை. ஐரோப்பியச் செட்களின் பின்பக்கம் 200, 220, 240 என்று டப் இருக்கும். நமது கரண்ட் 230. 200இல் நிற்கும் டப்பை 240க்கு மாற்றிவிட்டு ஹீட்டரை அளவுங்கள். 6.3 வோல்ட் ஹீட்டர் 5.7க்கும் 6.9க்கும் இடையில் நின்றால் சரி.

*வோல்ட் குறைக்கும் சிறு ட்ரான்ஸ்போமர்.* டப் இல்லாத 220 வோல்ட் செட்டுக்கு இது போதும். 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர் ஒன்றின் செக்கண்டரியை மெயினோடு தொடராக, எதிர்த்திசையில் தொடுத்தால் 230 வோல்ட் 218 ஆகும். திசை மாறினால் 242 ஆகிவிடும். ஆகவே செட்டைக் கொழுவ முன் அளந்து பாருங்கள்.

*அமெரிக்கச் செட்.* 117 வோல்ட், 60 சைக்கிளுக்குச் செய்தது. 110 வோல்ட் கன்வேட்டர் வாங்கிக் கொழுவியும் சூடேறுகிறது என்பார்கள். காரணம் சைக்கிள். 50 சைக்கிளில் அந்த இரும்புக்கு ஏறக்குறைய 98 வோல்ட்தான் உரிய அளவு. 100க்கு இறக்கினாலோ ஹீட்டர் 5.4 வோல்ட்டுக்குப் போய் வால்வ் வாடும். 60 சைக்கிளுக்கென்றே இரும்பைக் குறைத்துச் செய்த செட் என்றால், 50 சைக்கிளுக்குச் செய்த புது ட்ரான்ஸ்போமர்தான் நல்லது. பழையதை எறியாமல் செட்டோடு வைத்திருங்கள்.

*மறுபடி கட்டுவது.* உள்ளே ஷோர்ட் என்று முதற்சோதனை சொன்னால் மட்டும். தோற்றமும் பொருத்தும் துளைகளும் மாறாது என்பது இதன் நன்மை. தண்ணீர் மோட்டார் கட்டும் எல்லோருக்கும் 350-0-350 வோல்ட் சுற்று கைவராது. பழைய சுற்றை எண்ணிக்கொண்டே பிரிப்பாரா, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் பேப்பர் வைப்பாரா, வார்னிஷில் ஊறவைத்துச் சூட்டில் காயவைப்பாரா, 1000 வோல்ட் மெகரில் சோதித்துத் தருவாரா என்று கேளுங்கள். "காக்கா, பிரைமறிய 240க்குச் சுத்துங்க" என்றும் சொல்லிவிடுங்கள்.

*புதியது வாங்குவது.* கட்டுபவர் கிடைக்காவிட்டால் இதுவே வழி. வோல்ட் மட்டுமல்ல, மில்லி அம்பியரும் ஹீட்டர் அம்பியரும் பழையதற்குக் குறையக் கூடாது.

கடல் தண்ணீர் பட்ட செட்

2004 டிசம்பர் 26இல் சுனாமித் தண்ணீரில் ஊறி, பிறகு காயவைத்துப் பரணில் ஏற்றிய செட்களுக்கு மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். உப்பு அடுக்குகளுக்குள் இருந்துகொண்டு ஈரத்தை இழுத்தபடியே இருக்கும். ஒரு தடவை கரண்ட் கொடுத்தாலே காப்பு உடையலாம். ட்ரான்ஸ்போமரை நேரே கட்டக் கொடுங்கள். சொக்கட்டுகளையும் பில்டர் கண்டென்சர்களையும் மாற்றுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் பிரைமறியில் மெதுவாக எரியும் ப்யூஸ் ஒன்று போடுங்கள். பல பழைய செட்களில் அது இல்லை. செட்டின் வாட்டை 230ஆல் வகுத்து, வருவதைப்போல இருமடங்கு போதும். 100 வாட் செட்டுக்கு 1 அம்பியருக்கு மேல் வேண்டாம்.

கசியும் கண்டென்சரை விட்டுவிட்டு ட்ரான்ஸ்போமரை மட்டும் கட்டினால், புதிதாய்க் கட்டியதும் அதே வழியில் எரியும். எனவே, கடல் தண்ணீர் பட்ட செட் தவிர, மூன்று சோதனையும் முடியும்வரை கட்டுகூலிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.