முன்பணம் கட்டுமுன்

பிற நிறுவனத்தின் பெயரில் கடையோ பண்ணையோ நடத்த முன்பணம் கட்ட விழைவோர், ஈமு வளர்ப்பின் வரலாற்றை அறிதல் நலம். பெருந்துறை சுசி நிறுவனம் முன்பணம் பெற்றுக் குஞ்சுகளை அளித்தது. மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருவதாகவும் உறுதி கூறிற்று. முதலிற் சேர்ந்தோர்க்குத் தொகை கிடைக்கவே, பலர் நம்பிச் சேர்ந்தனர். 2012 ஆகஸ்டில் நிறுவனம் நிலைகுலைந்தது. பறவைகளுக்குத் தீனியிடவும் அரசு முன்வர நேர்ந்தது.

காரணம் யாது? நாமக்கல் முட்டைக்கு நாள்தோறும் விலையும் வாங்குவோரும் உண்டு. ஈமு இறைச்சிக்கு அத்தகைய சந்தை இல்லை.

ஆகவே மூன்று வினாக்களை எழுப்புக:

1. அந்நிறுவனத்தையன்றிப் பொருளை வாங்குவோர் யாவர்?
2. முன்பே நடத்துவோர், பொருளை விற்று ஈட்டியது எவ்வளவு?
3. ஒப்பந்தம் முறிந்தால் முன்பணம் திரும்புமா?

ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக.