தேர்ச்சி அறிக்கையைப் பெற்றோர் வாசிப்பது எப்படி?

தவணை முடிந்து பாடசாலை விடுமுறை விடும் கிழமையில் நமது வீடுகள் பலவற்றில் ஒரு சிறு தனித்தீர்வை நடைபெறுவதுண்டு. பிள்ளை தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறது. தகப்பனார் அதை விரிக்கிறார். அவருடைய கண் வேறெங்கும் தங்காமல் ஒரேயோர் இடத்துக்குப் போகிறது. "எத்தனையாம் பிள்ளை?" என்பதே முதற் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே. விடை திருப்தியானால் கையொப்பம்; இல்லையேல் ஏச்சு, சில வீடுகளில் அடி, அதன்பின் கையொப்பம்.

பிள்ளைகளின் முதலானதும் முக்கியமானதுமான ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் போதித்தது. நம் நாட்டில் இப்போதனைக்குத் தனியான ஒரு கனதி உண்டு. 1960ஆம் ஆண்டின் இறுதியில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை, பல ஊர்களில் பங்குக் குருவானவரே பாடசாலையையும் மேற்பார்வை செய்தார். பிள்ளை படிப்பில் பின்தங்கினால் சுவாமியார் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். இன்று பெரும்பாலான ஊர்களில் அந்த ஏற்பாடு இல்லை. பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒழுங்காக வந்துபோவது அந்த அறிக்கை ஒன்றுதான். ஆதலால் அதை வாசிக்கத் தெரிந்திருப்பது பெற்றோருக்கு அவசியமாகிறது.

முதலில் புள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளி தனியே நின்று எதையும் சொல்வதில்லை. உதாரணமாக, தரம் 10இல் படிக்கும் ஒரு மகன் முதலாந் தவணையில் கணிதத்தில் 58 புள்ளியும் இரண்டாந் தவணையில் 47 புள்ளியும் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"என்னடா இது? போன முறை 58, இந்த முறை 47?"

"இந்த முறை பேப்பர் கடினம் அப்பா. வகுப்பிலை எல்லாருக்கும் குறைவுதான்."

இந்த மறுமொழியைச் சாட்டு என்று தள்ளிவிடுவது வழக்கம். சில வேளை அது சாட்டாகவும் இருக்கலாம். ஆனால் வகுப்பின் சராசரிப் புள்ளியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். முதலாந் தவணையில் வகுப்புச் சராசரி 61ஆகவும், இரண்டாந் தவணையில் 40ஆகவும் இருந்திருந்தால், அந்த மகன் முன்னர் சராசரிக்குக் கீழே 3 புள்ளியில் நின்றவன், இப்போது சராசரிக்கு மேலே 7 புள்ளியில் நிற்கிறான். பாராட்டுப் பெறவேண்டிய நாளிலே அடி வாங்குகிறான். சில பாடசாலைகள் வகுப்புச் சராசரியை, அல்லது பாடத்தில் பெற்ற ஆகக்கூடிய புள்ளியை, அறிக்கையிலேயே குறிக்கின்றன. குறிக்காத இடத்தில் வகுப்பாசிரியரிடம் கேட்டறியலாம். வினாத்தாள் பாடசாலை ஆசிரியர் தயாரித்ததா, வலயமோ மாகாணமோ தயாரித்த பொதுத்தாளா என்பதையும் கேளுங்கள். தம் ஆசிரியரின் தாளில் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் பொதுத்தாளில் சறுக்குவது சாதாரணம். அப்படியானால், பழகிய கேள்வியை மட்டும் பிள்ளை மனனம் செய்திருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு.

அடுத்தது, நாம் இவ்வளவு பெரிதாக மதிக்கும் அந்த 'நிலை'. ஒன்பது பாடங்களின் மொத்தப் புள்ளியைக் கொண்டே அது கணிக்கப்படுகிறது. 640 புள்ளி எடுத்தவர் ஐந்தாம் பிள்ளை, 622 எடுத்தவர் பன்னிரண்டாம் பிள்ளை என்று வரலாம். வித்தியாசம் 18 புள்ளி; பாடத்துக்கு இரண்டே இரண்டு. இந்த இரண்டு புள்ளிக்காகத்தான் அயல்வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி நம் பிள்ளையைக் குத்திக் காட்டுகிறோம். மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்துத் தாலந்து உவமையில், ஐந்து தாலந்து உழைத்தவனுக்கும் இரண்டு தாலந்து உழைத்தவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு ஒரே சொற்களில் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்ற வரிசை இல்லை. தண்டனை பெற்றவன் பயத்தினால் புதைத்து வைத்தவன் ஒருவனே.

சராசரியும் ஏமாற்றும். சராசரி 63 என்றால் நல்லதுதானே என்று நினைப்போம். உள்ளே கணிதம் 29ஆக இருக்கும். சமயம், சித்திரம், சுகாதாரம் ஆகியவற்றின் உயர்ந்த புள்ளிகள் அதை மூடி மறைத்திருக்கும். மறுபுறத்தில், காய்ச்சலினால் ஒரு பாடத்துக்குச் சமுகமளிக்காத பிள்ளைக்கு எட்டுப் பாடங்களில் 520 புள்ளி கிடைத்திருந்தால் உண்மையான சராசரி 65. அதை ஒன்பதால் பிரித்தால் 57.8 ஆகிவிடும். ஆகவே மொத்தத்தையும் சராசரியையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு பாடமாக விரலை வைத்து வாசியுங்கள்.

சாதாரண தரப் பரீட்சையை எழுதப்போகும் பிள்ளை எனில் எல்லைகள் நினைவில் இருக்கவேண்டும். 75க்கு மேல் 'ஏ', 65 முதல் 'பி', 50 முதல் 'சி', 35 முதல் 'எஸ்', அதற்குக் கீழே 'டபிள்யூ'. உயர்தர வகுப்புக்குப் போக, பொதுவாக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் முதல்மொழியும் கணிதமும் அடங்கவேண்டும். மூன்று பாடங்களிலாவது 'சி' எனப்படும் திறமைச் சித்தி இருக்கவேண்டும். அறிக்கையிலே 48, 49 என்று நிற்கும் பாடங்களும் 32, 33 என்று நிற்கும் பாடங்களும் எவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறு உதவி கிடைத்தால் எல்லையைத் தாண்டக்கூடிய இடங்கள் அவை. ஆனால் தவணைப் பரீட்சையின் 35ஐச் சாதாரண தரத்தின் 35 என்று எண்ணி நிம்மதி அடைவது தவறு. தவணைத் தாள் சில அலகுகளை மட்டும் கேட்கிறது. அங்கே தரம் 10இலும் 11இலும் படித்த அனைத்தும் வரும்.

குறைந்த புள்ளியைக் கண்டதும் ரியூசனுக்கு அனுப்புவதே பலருடைய ஒரே மருந்து. நோய் என்னவென்று அறியுமுன் மருந்து வாங்குவது எங்கும் நடவாத காரியம். படிப்பு விஷயத்தில் மட்டும் நாம் அதைச் செய்கிறோம். காசு செலவாகிறது, பிள்ளையின் தூக்கமும் செலவாகிறது. முதலில் திருத்திய விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். எழுத வாசிக்க அதிகம் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். தாளின் கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றனவா? அப்படியானால் நேரம் போதவில்லை, அல்லது பிள்ளை மெதுவாக எழுதுகிறது. விஞ்ஞானத்தில் பல்தேர்வு வினாக்களில் நல்ல புள்ளியும் கட்டுரை வினாக்களில் மிகக் குறைந்த புள்ளியுமா? பிள்ளைக்கு விஷயம் தெரியும், ஆனால் வசனமாக எழுத வராது. அதற்கு வேண்டியது விஞ்ஞான ரியூசன் அன்று, தமிழில் எழுதும் பயிற்சி. கணிதத்தில் வழி சரியாக இருந்து விடை பிழைத்திருக்கிறதா? அது கவனக்குறைவு. வழியே தெரியாமல் நிற்கிறதா? அப்போது கீழ் வகுப்பில் விட்டுப்போன பின்னம், சதவீதம் முதலியவற்றைத் தேடிப் போகவேண்டியிருக்கும். தரம் 10 பிள்ளையை இருத்தி வைத்துத் தரம் 7 கணக்குச் செய்விப்பது அவமானமன்று.

வரவு நாட்கள் எழுதிய சிறு கட்டத்தைப் பெரும்பாலானோர் பார்ப்பதேயில்லை. ஒரு தவணையில் 60 நாட்கள் பாடசாலை நடந்து பிள்ளை 47 நாட்கள் போயிருந்தால், 13 நாட்கள் எங்கே? நீங்கள் அறிந்து நின்ற நாட்கள் ஆறோ ஏழோ என்றால், மற்ற நாட்களைப் பற்றிப் பிள்ளையோடு சாவதானமாகப் பேசவேண்டியிருக்கிறது. மடுத்தாயாரின் ஆடித் திருவிழாவுக்குப் பிள்ளையை அழைத்துப் போவதைக் குருவானவராகிய நான் தடுப்பேனா? ஆனால் திருவிழாவுக்கு முன்னும் பின்னும் ஒரு கிழமையை விடுவது மாதாவுக்குச் செய்யும் நேர்த்தி அல்ல.

ஆசிரியரின் குறிப்பையும் வாசிக்கவேண்டும். "முயற்சி போதாது", "கவனம் தேவை", "இன்னும் முன்னேறலாம்" என்பவை நாற்பது அறிக்கைகளை ஒரே இரவில் எழுதும் ஆசிரியரின் களைத்த கை எழுதும் சொற்களாகவும் இருக்கலாம். அவரைக் குறை சொல்லாதீர்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போய், "எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் கவனம் தேவை, சேர்?" என்று கேளுங்கள். கேட்கும் பெற்றோருக்குச் சொல்ல ஆசிரியரிடம் நிறைய இருக்கும். தாய் மாத்திரம் போவதே வழக்கமாயிருக்கிறது. தொழில் நிமித்தம் கடலுக்குப் போகும் தகப்பன்மாரும் வருடத்தில் ஒரு தடவையாவது போனால், பிள்ளை அதை மறவாது.

இனி, கையொப்பம் பற்றி. அறிக்கையை ஒளிக்கும் பிள்ளைகளும், தகப்பனுடைய கையெழுத்தைத் தானே போடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது பொய், அது பாவம் என்று கண்டிப்பது சரியே. ஆனால் அந்தப் பிள்ளை எதற்குப் பயந்தது என்பதையும் கேட்கவேண்டும். 29 புள்ளியைக் கொண்டுவந்து காட்டினால் அடி. காட்டாமல் விட்டால் சில நாட்களாவது நிம்மதி. இப்படியான வீட்டில் பிள்ளை விரைவில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒளிப்பதுதான். பின்பு வரும் பெரிய தொல்லைகளையும் அது ஒளிக்கும். ஆகையால் அறிக்கை வந்த அன்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். செபமாலையும் இராச்சாப்பாடும் முடிந்தபின், பழைய அறிக்கைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, "எது உனக்குக் கஷ்டமாயிருக்கிறது?" என்று தொடங்குங்கள். அதற்காக எல்லா அறிக்கைகளையும் தரம் 6 முதலே ஒரு கோவையில் போட்டு வைப்பது நல்லது.

காலத்தையும் பாருங்கள். தரம் 9 முடிவில் தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யும்போது, தோழர் எடுக்கிறார் என்பதற்காக அல்லாமல் மூன்று வருட அறிக்கைகளை வைத்துத் தெரிவு செய்யலாம். தரம் 10இன் இரண்டாந் தவணை அறிக்கையில் தெரியும் பலவீனத்தைத் திருத்த ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. தரம் 11இன் இறுதி அறிக்கையில் அதைக் கண்டுபிடித்தால் மெழுகுதிரி கொளுத்தத்தான் நேரம் இருக்கும்.

உயர்தர மாணவரின் அறிக்கை வேறு விதமாக வாசிக்கப்படவேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு 2001ஆம் ஆண்டு தொடக்கம் கணிக்கப்படும் இசட் புள்ளியும், ஒரு பாடத்தில் தம் பிள்ளை சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதையே அடிப்படையாகக் கொண்டது. அதைப் பிறிதொரு வாரம் கணக்குடன் பார்ப்போம்.