காரில் புதிய ஸ்டீரியோவும் கம்பெனி ஆம்ப்ளிஃபையரும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் இப்போது செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறார்கள். பண்டிகைக்குச் சொந்த ஊர் போகும்போது திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாட்டு வேண்டும். ஆகவே வண்டி வாங்கியவுடன் முதலில் மாற்றுவது ஸ்டீரியோவைத்தான். சாதாரணக் காரில் இது ஒரு மணி நேர வேலை. ஆனால் கம்பெனியிலேயே தனி ஆம்ப்ளிஃபையர் வைத்து வந்த காரில் இதே வேலையைச் சாதாரணமாகச் செய்தால் ஆயிரக்கணக்கில் நஷ்டம் வரும். ரயில்வேயில் பெட்டிகளின் விளக்கு, பேட்டரிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், இதைப் பற்றி எழுதும்படி உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள்.

முதலில் உங்கள் காரில் தனி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2017 முதல் 2020 வரை விற்ற டாடா ஹெக்ஸாவின் உயர்ந்த ரகங்களில் ஜே.பி.எல். ஸ்பீக்கர்கள் பத்து, சப்-வூஃபரும் ஆம்ப்ளிஃபையரும் உட்பட வந்தன. தொடக்கத்தில் வந்த வண்டிகளில் திரை மட்டும் 5 அங்குலம்தான். அதனால் பெரிய ஆண்ட்ராய்டு திரை போட ஆசைப்படுவோர் அதிகம். போஸ், ஜே.பி.எல்., சோனி என்று ஸ்பீக்கர் மூடியில் பெயர் இருந்தால் சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் பக்கவாட்டிலோ ஓர் அலுமினியப் பெட்டி இருக்க வாய்ப்பு உண்டு, தேடிப் பாருங்கள். அர்காமிஸ் என்ற பெயரை வைத்து மட்டும் அப்படி முடிவு செய்ய வேண்டாம். அது ஒலியைச் சீர்செய்யும் மென்பொருள். பெட்டி இல்லாமலும் அந்தப் பெயர் இருக்கும்.

தனிப் பெட்டி எதற்கு? ஒரு சிறு கணக்கு போட்டால் புரியும். என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்டீரியோவின் உள்ளே இருக்கும் ஐ.சி. ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்குகிறது. ஆகவே ஸ்பீக்கருக்கு அதிகபட்ச உச்சம் 14.4 வோல்ட். அதை 1.414 ஆல் வகுத்தால் 10.2. அதன் வர்க்கம் 104. நான்கு ஓம் ஸ்பீக்கர் என்றால் 104 ஐ 4 ஆல் வகுக்க 26 வாட். ஐ.சி.யின் இழப்பு போக 20 வாட் கிடைத்தால் நல்லது. அப்படியானால் டப்பாவில் 50 வாட் என்று எப்படிப் போடுகிறார்கள்? 14.4 இன் வர்க்கத்தை நேராக 4 ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 52 வரும். அலை முழுவதும் சதுரமாகச் சிதைந்து கத்தும்போது கிடைக்கும் வாட் அது, பாட்டு கேட்கும் வாட் அல்ல. கார் கம்பெனிக்காரர்கள் சில வண்டிகளில் 2 ஓம் ஸ்பீக்கர் வைத்து, அதைத் தாங்கும் ஆம்ப்ளிஃபையரைத் தனியாக வைக்கிறார்கள். அதே மின்னழுத்தத்தில் இரு மடங்கு சக்தி கிடைக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்தே ஆபத்தும் தெரிகிறது. ஸ்பீக்கரின் இரு முனைகளும் எதிரெதிராக இயங்குவதால் இரண்டு ஒயரிலுமே பாடியைவிட சுமார் 7 வோல்ட் நிலையாக இருக்கும். பழைய காலத்து ரேடியோவில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடிக்குப் போகும், அந்தப் பழக்கத்தில் இன்றும் சில மெக்கானிக்குகள் மைனஸ்களை ஒன்றாக முறுக்கி எர்த் செய்கிறார்கள். நம் ரயில் பெட்டிகளில் 110 வோல்ட் விளக்குச் சுற்றின் இரு முனைகளையும் பாடியில் படாமல் வைப்போம். எங்கேயாவது பட்டிருக்கிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பதே ஒரு வேலை. ஸ்பீக்கர் ஒயரையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பையன் வந்து, "மாமா, ரேடியோ வருது, பென் டிரைவ் போட்டா சத்தமே இல்ல. வூஃபரும் பேச மாட்டேங்குது" என்றான். நகரத்து ஆக்சஸரீஸ் கடை ஒன்றில், "இந்த ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வேஸ்ட், சார்" என்று சொல்லி, பிளக்கையே வெட்டிவிட்டுப் பாதி ஸ்பீக்கர்களை நேராக ஸ்டீரியோவில் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மீதி ஆம்ப்ளிஃபையரிலேயே இருந்தது. இடப்பக்கக் கதவின் ட்வீட்டர் எரிந்து போயிருந்தது.

மூன்று கோளாறுக்கும் காரணம் தனித்தனி. ஸ்டீரியோவின் பின்னால் நீலத்தில் இரண்டு ஒயர் வரும். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபையரை விழிக்கச் செய்யும் ரிமோட் ஒயர், செட் ஓடும்வரை 12 வோல்ட் தரும். வெறும் நீலம் ஏரியலுக்கு உரியது, பல செட்டுகளில் ரேடியோ பாடும்போது மட்டும் வோல்ட் வரும். கடையில் வெறும் நீலத்தை ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே பென் டிரைவுக்கு மாறியதும் அது தூங்கிவிட்டது. ட்வீட்டர் எரிந்த காரணம் வேறு. இவ்வகை அமைப்பில் உயர்ந்த ஒலி, தாழ்ந்த ஒலி என்று பிரிக்கும் வேலை ஆம்ப்ளிஃபையருக்குள் நடக்கிறது. ட்வீட்டரில் கப்பாசிட்டர் இருக்காது. நேராகக் கொடுத்தால் மிருதங்கத்தின் அடி முழுதும் அந்தச் சிறு சுருளில் இறங்கும். வூஃபருக்கோ சிக்னலே போகவில்லை.

ரிமோட் வேலை செய்யவில்லை என்று அதை நேராக பேட்டரி ஒயரோடு சேர்ப்பவர்களும் உண்டு. அப்போது வண்டியை நிறுத்தினாலும் ஆம்ப்ளிஃபையர் விழித்தே இருக்கும். ஒரு ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு நாளில் காலி, அதற்கு வெகு முன்பே ஸ்டார்ட்டர் சுற்றாது. ஊட்டிக்குப் போகும் பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை, பகலிலும் காட்டுக்குள் வண்டி நிறுத்தக் கூடாது. மாலையில் குண்ட்லுப்பேட்டையில் டீ குடித்துவிட்டு வந்து சாவி திருப்பும்போது 'டக்' என்று மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வேலை முடிந்ததும் வண்டியைப் பூட்டி, சற்று நேரம் கழித்து பேட்டரி மைனஸில் மீட்டரைத் தொடராக வைத்து அளந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? பிளக்கை வெட்டக் கூடாது. அந்த வண்டிக்கென்றே செய்த அடாப்டர் ஒயரிங் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விசாரித்து வாங்குங்கள். அதில் ஸ்டீரியோவின் ஆர்.சி.ஏ. வெளியீடு ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுக்குப் போகும். ஆர்.சி.ஏ.வில் வருவது 2 அல்லது 4 வோல்ட். ஸ்பீக்கர் ஒயரிலோ 10 வோல்ட் வரை வரும். சிறு சிக்னலை எதிர்பார்க்கும் ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்பீக்கர் ஒயரை நேராகக் கொடுத்தால் ஒலி கரகரக்கும். அதன் உள்ளீட்டு மைனஸ் எர்த்தோடு சேர்ந்திருந்தால் புதிய ஸ்டீரியோவின் ஐ.சி.யே போய்விடும். ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள லைன்-அவுட் கன்வெர்ட்டர் நடுவில் வைக்கலாம்.

ஆம்ப்ளிஃபையர் உண்மையிலேயே செத்துவிட்டது, அதைத் தவிர்த்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் கழற்றி ஓம் மீட்டரில் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரைக்குப் பக்கமாகக் காட்டும். இரண்டுக்குக் கீழே காட்டினால் அது 2 ஓம் ஸ்பீக்கர். சாதாரண ஸ்டீரியோ அதைத் தாங்காமல் சுடும். ஸ்பீக்கரையும் மாற்றுவது தவிர வழியில்லை, ட்வீட்டருக்குக் கப்பாசிட்டரும் போட வேண்டும். செலவைக் கூட்டிப் பார்த்தால் பழைய ஆம்ப்ளிஃபையரை ரிப்பேர் செய்வதே மேல் என்று பல சமயம் தோன்றும்.

புதிய ஸ்டீரியோவோடு வரும் ஒயர்களின் நிறம் பெரும்பாலும் ஒரே மாதிரி: மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டவை அவற்றின் மைனஸ். காரிலிருந்து வரும் ஒயர்களுக்கு இந்த நிறக் கணக்கு செல்லாது. மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. பிளக்கில் ஏ-4 நிரந்தரம், ஏ-7 சாவி, ஏ-8 எர்த் என்பது விதி. ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் சிலவற்றில் நான்கும் ஏழும் இடம் மாறி இருக்கும். வண்டி நிறுத்தும்போதெல்லாம் செட் ஸ்டேஷன்களை மறந்துபோனால் இந்த மாற்றம்தான் காரணம்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட கணத்தில் நெருப்பு பறக்கும். பழைய ஸ்டீரியோவுக்குக் கோடு எண் உண்டா என்று அதற்கு முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறையிட்ட பிளக் தென்பட்டால் அது ஏர்பேக்குக்கு உரியது. மீட்டர் முனையைக்கூட அதில் வைக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் புதிய ஒயர் இழுத்தால் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் வையுங்கள். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஆம்ப்ளிஃபையரை அல்ல, ஒயரை. உரசி பாடியில் பட்ட ஒயர் ஃப்யூஸ் இல்லாவிட்டால் சிவக்கச் சிவக்கக் காய்ந்து கார்ப்பெட்டைப் பற்றவைக்கும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்ற வேண்டாம். வெயிலில் டேப்பின் பசை உருகி நழுவும். கிரிம்ப் செய்து, சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். அதிரும் இடத்தில் கிரிம்ப்தான் நிற்கும். ரயில்வே கற்றுத் தந்த பாடம் இது.

ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க 'ஙொய்' என்று ஏறும் சத்தம் வந்தால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் எர்த் வழியாக நுழைகிறது என்று பொருள். ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகி, இரண்டுக்கும் நடுவே சிறு வோல்ட் வித்தியாசம் இருப்பதே காரணம். ஸ்டீரியோவின் எர்த்தை வண்டியின் பழைய எர்த் ஒயரிலேயே கொடுத்துப் பாருங்கள். பெயிண்ட் மேல் திருகிய எர்த், எர்த்தே அல்ல.

புதிய வண்டிகளில் நிலைமை வேறு. 2019 இல் வந்த கியா செல்டோஸ், 2020 இன் ஹுண்டாய் கிரெட்டா ஆகியவற்றின் உயர்ந்த ரகங்களில் போஸ் ஸ்பீக்கர்கள் எட்டு. 2021 இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700 இல் சோனி பன்னிரண்டு. இத்தகைய வண்டிகளில் திரை என்பது வெறும் ஸ்டீரியோ அல்ல. காமிராவும் வண்டியின் பல செட்டிங்குகளும் அதனோடு சேர்ந்தவை. உயர்ந்த ரக ஜெர்மன் கார்கள் பலவற்றில் பாட்டே கண்ணாடி இழை வழியாக ஒளியாகத்தான் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. அங்கே ஒயர் முறுக்கும் வேலைக்கு இடமே இல்லை. வாரண்டி உள்ள வண்டியைத் தொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக ரேடியோ. புதிய செட் போட்டபின் எஃப்.எம். மங்கினால் ஏரியலைப் பழிக்க வேண்டாம். இக்காலத்து ஏரியலில் சிறு பூஸ்டர் இருக்கிறது, அதற்கு நீல ஒயரின் 12 வோல்ட் போகாமல் இருக்கலாம். அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகனோ வாங்கி வந்த செட்டில் இன்னொரு தொல்லை உண்டு. மைசூர் ஆகாசவாணி 100.6 இல் ஒலிபரப்பாகிறது. அமெரிக்கச் செட்டின் முள் 100.5 இல் நிற்கும், அடுத்து 100.7 க்குத் தாவும். (ஆகாசவாணி என்ற பெயரே 1935 இல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி மைசூரில் தம் வீட்டில் தொடங்கிய நிலையத்துக்கு இட்ட பெயர், பிறகுதான் நாடு முழுவதற்கும் ஆயிற்று.) செட்டிங்கில் 'ஏரியா' அல்லது 'ரீஜியன்' என்ற இடத்தில் ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றுங்கள். 100.6 கிடைக்கும். மீடியம் வேவின் படியும் அத்துடன் 10 இலிருந்து 9 கிலோஹெர்ட்ஸுக்கு மாறிவிடும். மாற்றியதும் பழைய ஸ்டேஷன்கள் அழிந்துபோகும், திரும்பப் பதிய வேண்டியிருக்கும்.