ஆணி குத்தினா டயரையே மாத்தணுமா?

தங்கச்சி, டயர்ல ஆணி தெரிஞ்சதும் பிடுங்கிப் போட கை பரபரக்கும். பிடுங்காதே! ட்யூப்லெஸ் டயர்ல அந்த ஆணிதான் இப்போதைக்கு அடைப்பு. காத்து மெதுவா இறங்குதுன்னா, ரொப்பிக்கிட்டு பக்கத்துல இருக்கிற பஞ்சர் கடைக்கு மெதுவா ஓட்டிப் போ. அங்கே, "டயர் போச்சு, புதுசு போட்டுடுங்க"ன்னு சொன்னா உடனே தலையாட்டாதே. கீழே சொல்றதைப் பார்த்துட்டு முடிவு பண்ணு.

1. ஓட்டை எங்கே? தரையில படுற பட்டன் பகுதியில, 6 மி.மீ. அகலத்துக்குள்ள இருந்தா பெரும்பாலும் ஒட்டிடலாம். பக்கவாட்டுல இல்ல ஓரத்துல இருந்தா ஒட்டக் கேட்டு நச்சரிக்காதே. சக்கரம் சுத்தச் சுத்த அந்த இடம் மடங்கி மடங்கி நிமிரும், ஒட்டு நிக்காது.

2. காத்து இல்லாம ஓட்டவே ஓட்டாதே. பலரும் டயரைக் கொல்றது இங்கேதான். ஒரு தடவை, "இதோ ரெண்டு கிலோமீட்டர்தானே"ன்னு இறங்கின டயரோடயே கடை வரைக்கும் ஓட்டிட்டேன். கழட்டி உள்ளே கையை விட்டா, ரப்பர் போட்டு அழிச்ச மாதிரி கறுப்புத் தூள் கை நிறைய வந்தது. உள்சுவர் முழுக்க அரைபட்டிருக்கு. ஆணி ஓட்டை என்னவோ சின்னதுதான், ஒட்டியிருக்கலாம். ஓட்டினதுல டயரே போச்சு. காத்து போன இடத்துலயே நிறுத்தி ஸ்டெப்னி மாத்து.

3. வெளியிலிருந்து திரி குத்துறது அவசரத்துக்கு மட்டும். ஊர் வந்து சேர்ந்ததும் டயரைக் கழட்டி, உள்ளே பார்த்து, மஷ்ரூம் பேட்ச் போடச் சொல்லு. அதோட காம்பு ஓட்டையை அடைக்கும், தலை உள்பக்கம் ஒட்டிக்கும். கழட்டாம டயரோட உள்பக்கம் யாருக்கும் தெரியாது. "அதெல்லாம் வேண்டாம்மா, திரியே போதும்"னு சொன்னா வேற கடை பாரு. மாட்டும்போது பேலன்சிங்கும் பார்க்கச் சொல்லு.

4. ஆணியே இல்லாம காத்து இறங்குதா? வால்வுல சோப்புத் தண்ணி விட்டுப் பாரு. குமிழி வந்தா கோளாறு அங்கேதான், டயர்ல இல்ல.

5. ஒட்டுறதுக்கு முன்னாடி பட்டன் இருக்கான்னு பாரு. பள்ளத்துக்கு நடுவுல சின்னச் சின்ன மேடு இருக்கும். பட்டன் அதுக்குச் சமமா தேஞ்சா 1.6 மி.மீ. வந்தாச்சுன்னு அர்த்தம். அந்த டயரை ஒட்டிச் செலவு பண்ணாதே.

6. குழியில இறங்கி ஏறின பிறகு பக்கவாட்டுல கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கா? உள்ளே நூல் அறுந்திருக்கு. காத்து நிக்குதேன்னு அலட்சியமா இருக்காதே, வேகத்துல வெடிக்கலாம். அதை மாத்தித்தான் ஆகணும். பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டி, இதுல மட்டும் காசு பார்க்காதே.

சரி, ஸ்டெப்னிக்குக் காத்துப் பிடிச்சு எத்தனை மாசம் ஆச்சு? நாளைக்கு பெட்ரோல் போடும்போது டிக்கியைத் திறந்து அதுக்கும் பிடிச்சிடு.